ரசிகையின் குறிப்பேடு

சுவாமிமலையிலிருந்து காவிரியை ஒட்டி மேற்கே போனால் திருவையாறு. தியாகராஜரின் ஊர் என்று எல்லோரும் அறிவார்கள். தமிழின் முதல் பேசும்படத்தில் கதாநாயகியாக நடித்தவரின் ஊரும் அதுதான் என்பதை ஆராதனைக்குப் போய்வருகிறவர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்பார்கள்? டி.பி. ராஜலட்சுமி. விரித்தால் திருவையாறு பஞ்சாபகேச ராஜலட்சுமி. ஊரையும் தகப்பனாரையும் முன்னெழுத்துகளில் சுமந்துகொண்டு சினிமாவுக்குப் போனவர். 1936-இல் அவர் எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்த ‘மிஸ் கமலா’தான் தென்னிந்தியாவில் ஒரு பெண் இயக்கிய முதல் படம். அந்தப் படத்தை இன்று யாரும் பார்க்க முடியாது. பிரதி எதுவும் எஞ்சவில்லை.

பழைய படங்கள் மேல் எனக்குத் தீராத ஆசை. அந்த ஆசையை எழுதிவைக்க ஒரு குறிப்பேட்டைத் தொடங்கியபோது, முதல் பக்கத்தில் நான் எழுதிய பெயர் ‘மிஸ் கமலா’. பார்த்த படங்களைப் பற்றி எழுத வேண்டிய நோட்டில் பார்க்கவே முடியாத படத்துக்கு ஏன் முதலிடம் என்று தோழி ஒருத்தி கேட்டாள். பதில் கொஞ்சம் நீளம். பெண்கள் சினிமாவில் என்ன செய்தார்கள், எது தங்கியது, எது தொலைந்தது, யார் எழுதியதால் தங்கியது என்று போகிற பதில் அது.

ராஜலட்சுமி பிறந்தது 1911-இல். தகப்பனார் கிராமத்துக் கர்ணம். அந்தக் காலத்து வழக்கப்படி சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம் செய்துவைத்தார்கள். அது நிலைக்கவில்லை. தகப்பனார் இறந்துபோக, தாயும் மகளும் திருச்சிக்குப் போனார்கள். அங்கே சாமண்ணா நாடகக் குழுவில் சேர்ந்தார் ராஜலட்சுமி. பெண்களின் கல்யாண வயதைப் பதினான்காக்கிய சாரதா சட்டம் 1929-இல்தான் நிறைவேறியது. அதற்குள் அவர் வாழ்க்கையில் ஒரு கல்யாணம் வந்து முடிந்துவிட்டது. மேடையும் பழகிவிட்டது.

1931 மார்ச் 14-ஆம் தேதி பம்பாயில் ‘ஆலம் ஆரா’ வெளியானது. அதே ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் ‘காளிதாஸ்’ வந்தது. எச்.எம். ரெட்டி இயக்கம், அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனத் தயாரிப்பு. கதாநாயகி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பேசினார். காளிதாசன் கதைக்கு ஒட்டாமல் காந்தியையும் கதர் ராட்டையையும் போற்றும் பாட்டுகள் இருந்தன. தியாகராஜர் கீர்த்தனைகளும் இருந்தன.

இந்தக் கடைசி விவரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டுகளில் திருவையாற்றில் தியாகராஜர் சமாதியருகே ஆராதனை நடத்திவந்த இரண்டு கட்சிகளும் ஆண்களுடையவை. அங்கே பெண்கள் உட்கார்ந்து பாட இடமில்லை. தன் சொந்தப் பணத்தில் அந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் தேவதாசி குலத்தில் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். அவரே 1920-களின் பிற்பகுதியில் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்த வேண்டியிருந்தது. கட்சிகள் ஒன்றாகி, பெண்களுக்கும் அதே பந்தலில் இடம் கிடைக்க 1940-களின் தொடக்கம் வரை ஆயிற்று. தியாகராஜர் வாழ்ந்த ஊரில் பெண்களுக்கு அவர் சந்நிதி மறுக்கப்பட்டிருந்த நாளில், அதே ஊர்ப் பெண் நாயகியாக நடித்த படத்தில் அவருடைய கீர்த்தனைகள் ஒலித்தன. டிக்கெட் வாங்கிய எவரும் கேட்கலாம். சினிமாவை நான் நேசிப்பதற்கு முதல் காரணம் இதுதான். அது புண்ணியம் செய்ய வந்ததில்லை, காசுக்கு வந்தது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு திறந்த கதவு, சாஸ்திரம் சொல்லி அடைத்த கதவைவிட அகலமாக இருந்தது.

கதவு திறந்தது என்பதற்காக உள்ளே எல்லாம் சுகமாக இருந்தது என்றில்லை. நடிக்க வந்த பெண்ணைச் சமூகம் எப்படிப் பேசும் என்பதற்குக் கும்பகோணத்தில் முன்கதை உண்டு. பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு ஒரு நாடகக் குழு நடத்தினார். நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காகவே ரயில் விட்டார்கள் என்றும், அதற்கு ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று பெயர் என்றும் இன்றும் சொல்கிறார்கள். மேடையில் அவர் உடுத்திய மெல்லிய உடையைப் பற்றி எழுதாதவர் குறைவு. அத்தனை பெண்களுக்கு வேஷமும் சம்பளமும் சோறும் கொடுத்து ஒரு தொழிலை நடத்திய முதலாளி அவர் என்பதைப் பற்றி எழுதியவர்தான் குறைவு.

ராஜலட்சுமி இதை வேறு வழியில் எதிர்கொண்டார். தானே எழுதினார். ‘கமலவல்லி அல்லது டாக்டர் சந்திரசேகரன்’ என்ற அவருடைய நாவல்தான் பின்னால் ‘மிஸ் கமலா’ ஆயிற்று. ஒருவனை விரும்பும் பெண்ணை வேறொருவனுக்குக் கட்டாயமாகக் கட்டிவைக்கிற கதை. தன் சம்மதமில்லாமல் நடந்த கல்யாணத்திலிருந்து வெளியே வந்த ஒரு பெண், சம்மதமில்லாத கல்யாணத்தைப் பற்றி நாவல் எழுதி, சொந்தக் கம்பெனி தொடங்கிப் படமும் எடுத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துக்குள். ‘சினிமா ராணி’ என்று பட்டம் கொடுத்தார்கள். ராணி என்றால் அலங்காரமாக உட்கார்ந்திருப்பவள் என்று தோன்றும். அவர் செய்தது எழுத்து, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு என்று அத்தனை வேலையும்.

அந்தப் படம் எங்கே போயிற்று? இதைச் சொல்ல எங்கள் ஊர்த் தொழிலைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

சுவாமிமலையில் ஸ்தபதிகள் பஞ்சலோக விக்கிரகம் வார்க்கும் முறை பலருக்கும் தெரிந்ததுதான். முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைப்பார்கள். சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்கூட்டை உடைத்தால் உள்ளே உருவம். மெழுகு போகும், மண் போகும், உருவம் நிற்கும்.

பழைய படச்சுருளுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். 1950-களின் தொடக்கம் வரை படச்சுருள் நைட்ரேட்டில் செய்யப்பட்டது. சட்டென்று தீப்பிடிக்கும். நம் வெயிலிலும் ஈரத்திலும் தானாகவே நசிந்து பொடியாகும். கருப்பு வெள்ளைச் சுருளில் பிம்பத்தைத் தாங்கியிருப்பது வெள்ளி. ஓடி முடிந்த படத்தை வைத்துக் காப்பதைவிட, வெள்ளியைப் பிரித்தெடுக்கிறவனிடம் எடைக்குப் போடுவதே லாபம் என்று இந்தியாவெங்கும் எத்தனையோ சுருள்கள் அப்படிப் போயின. உலோகத்துக்காக உருவத்தை அழித்தார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்தது 1964-இல். ராஜலட்சுமி இறந்ததும் அதே 1964-இல்தான். ‘காளிதாஸ்’ அந்தக் காப்பகத்தின் அலமாரியை எட்டவில்லை. ‘மிஸ் கமலா’வும் எட்டவில்லை.

ஆண்கள் எடுத்த படங்களும் தொலைந்தன. ஆனால் நூறு படம் எடுத்தவனின் தொண்ணூறு தொலைந்தாலும் பத்து மிஞ்சும். இரண்டே படம் எடுத்தவளின் இரண்டும் தொலைந்தால் அவளுடைய கலையே இல்லாமல் போகிறது. இந்தியாவின் முதல் பெண் இயக்குநர் பாத்மா பேகம் 1926-இல் எடுத்த ‘புல்புலே பரிஸ்தான்’ இன்று இல்லை. பிரான்சில் ஆலிஸ் கீ 1896-லேயே படம் எடுக்கத் தொடங்கி, நூற்றுக்கணக்கில் எடுத்தவர். அவருடைய படங்கள் சில ஆண்களின் பெயரில் பதிவாயின, பல காணாமல் போயின. முதிய வயதில் அவர் தன் படங்களைத் தானே தேடி அலைந்தார். நினைவிலிருந்து பட்டியல் போட்டார். தன் வரலாற்றை எழுதிவைத்தார். அது புத்தகமாக வந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆனாலும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பிறகு வந்தவர்கள் தேட முடிந்தது. தேடக் கிடைத்தவையும் உண்டு.

எழுதிவைத்தால் தேட முடியும். பெண்களுக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவில் இந்தச் சின்ன உண்மைக்குப் பெரிய எடை இருக்கிறது.

தமிழில் தொலைந்த படங்களுக்கு இன்று மிஞ்சியிருக்கும் பெரிய சாட்சி பாட்டுப் புத்தகம். கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்றது. நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாட்டுகள், நடுவே விளம்பரம். கதைச் சுருக்கத்தை முழுதாகச் சொல்லாமல், மிச்சத்தை வெள்ளித்திரையில் காண்க என்று நிறுத்திவிடுவார்கள். திரை போன பிறகு அந்த மிச்சமும் போயிற்று. நாடகம், சினிமா இரண்டின் பாட்டுப் புத்தகங்களும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பெரிய ஆய்வாளர்கள் குப்பை என்று ஒதுக்கிய காகிதங்களைக் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் ஆசையால் சேர்த்துவைத்ததிலிருந்து வளர்ந்த நூலகம் அது. ரசிக மனம்தான் நம் ஆவணக் காப்பகங்களின் அடித்தளம்.

ஆனால் எந்த ரசிகரின் ஆசை சேகரமாகிறது? சேர்ப்பதற்கு அலமாரி வேண்டும், காசு வேண்டும், வீட்டில் இடம் வேண்டும், ‘இதென்ன பைத்தியம்’ என்று கேட்காத குடும்பம் வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் பாட்டுப் புத்தகங்கள் பெண்களிடம்தான் இருந்தன, அரிசிப் பானைக்கு மேலே, சாமி படத்துக்குப் பின்னே. எழுத்துத் தெரிந்த மகள் ராகம் போட்டு வாசிப்பாள். எழுத்துத் தெரியாத தாய் கேட்டே மனப்பாடம் செய்வாள். எங்கள் ஊர்ச் சாமிக்குத் தகப்பன்சாமி என்று பெயர். மகன் தகப்பனுக்குப் பிரணவப் பொருள் சொன்ன தலம். மகள்கள் தாய்மாருக்கு என்ன வாசித்துக் காட்டினார்கள் என்பதற்குத் தலபுராணம் இல்லை. அந்தப் புத்தகங்கள் வீடு மாறும்போது தொலைந்தன, அல்லது அடுப்புக்குப் போயின. ‘சினிமா உலகம்’, ‘பேசும் படம்’, ‘குண்டூசி’ என்று பத்திரிகைகள் வந்தன. அவற்றை நடத்தியவர்களும் பெரும்பாலும் எழுதியவர்களும் ஆண்கள். படத்தில் நடிகை எப்படி இருந்தாள் என்று எழுதினார்கள். அவளைப் பார்த்த பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பது அவர்கள் கேள்வியாக இல்லை.

அந்தக் கேள்விக்காகவே டெல்டாவோடு சம்பந்தப்பட்ட சில படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், படிக்கிறேன். இயக்குநர் கே. சுப்ரமணியம் பக்கத்து ஊரான பாபநாசத்தில் பிறந்தவர். 1937-இல் ‘பால யோகினி’ எடுத்தார். விதவை வேஷத்தில் ஒரு பிராமண விதவையையே நடிக்கவைத்தார். ஆசாரக்காரர்கள் கொதித்தார்கள். 1938-இல் ‘சேவாசதனம்’. கிழவருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட சுமதியாக எம்.எஸ். சுப்புலட்சுமி முதன்முதலாகத் திரையில் வந்தார். பிரேம்சந்தின் நாவலை அந்தப் படத்துக்கு முன்பே தமிழாக்கியவர் எஸ். அம்புஜம்மாள், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். எம்.எஸ்.ஸின் பாட்டை நினைவில் வைத்திருப்பவர்களில் அம்புஜம்மாளின் பேனாவை நினைவில் வைத்திருப்பவர்கள் கொஞ்சம்தான்.

1939 மே மாதம் ‘தியாகபூமி’. கல்கி ஆனந்த விகடனில் தொடர்கதையாக எழுத, படப்பிடிப்புப் புகைப்படங்களே அந்தத் தொடருக்குச் சித்திரங்களாக வந்தன. புருஷனால் துரத்தப்பட்ட சாவித்திரி, பம்பாயில் பெரிய சொத்துக்கு உரியவளாகி உமாராணியாகத் திரும்பி வருகிறாள். இப்போது அவள் தன்னோடு வாழ வேண்டும் என்று புருஷன் வழக்குப் போடுகிறான். வாழமுடியாது, வேண்டுமானால் ஜீவனாம்சம் நான் தருகிறேன் என்கிறாள் அவள். இந்து திருமணச் சட்டம் வருவதற்குப் பதினாறு ஆண்டுகள் இருந்தன. அப்போதே கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் காதில் ஒரு பெண்ணின் குரல் கோர்ட்டில் ‘மாட்டேன்’ என்று விழுந்தது. அவர்கள் சும்மாவா வீட்டுக்குப் போயிருப்பார்கள்?

1940-இல் ஆங்கில அரசு படத்தைத் தடை செய்தது. காரணம் சாவித்திரியின் ‘மாட்டேன்’ இல்லை, படத்தில் இருந்த காங்கிரஸ் சார்பு. படத்தின் முடிவும் அந்த வழியில்தான் போகிறது. தனக்காகத் தான் பேசிய பெண் இறுதியில் தேசத்துக்காகப் போராடப் போய்விடுகிறாள். கோர்ட்டில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே படம் அவளைத் தியாகி ஆக்கிவிடுகிறது. பழைய படங்களை நேசிக்கிற பெண்ணுக்கு இது பழகிய வலி. இடைவேளைக்கு முன்னும் பின்னும் அவளுக்குக் கொடுத்ததையெல்லாம் கடைசி இரண்டு ரீலில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதனால் கடைசி இரண்டு ரீலை வைத்து மட்டும் ஒரு படத்தை எடைபோடக் கூடாது என்பது என் குறிப்பேட்டின் விதி. நடுவில் எந்த இடத்தில் நம் கை நின்றது, எந்த வசனத்தில் பக்கத்தில் இருந்தவள் நம்மைத் திரும்பிப் பார்த்தாள் என்பதை எழுத வேண்டும்.

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் எங்கள் தெருவில் இருக்கிற ஓர் அம்மா. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வாழ்ந்தவர். என்ன படம் பார்த்தீர்கள் என்று கேட்டபோது, டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து பார்த்த ‘சித்தி’யைச் சொன்னார். 1966-இல் வந்தது. குடும்பம் பிழைக்கவும் தம்பி டாக்டருக்குப் படிக்கவும், வயதான ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போகிற பெண் பத்மினி.

“அந்தப் பொண்ணு தம்பியப் படிக்க வச்சுது. நானுந்தான் எந்தம்பியப் படிக்க வச்சேன். அதுக்காவது படம் எடுத்தாங்க” என்றார்.

அந்தக் கதையை எழுதியது ஒரு பெண் என்று அவரிடம் சொன்னேன். வை.மு. கோதைநாயகி அம்மாள். ஐந்து வயதில் கல்யாணமானவர், பள்ளிக்கூடம் போகாதவர். ‘ஜகன்மோகினி’ பத்திரிகையைப் பல ஆண்டுகள் நடத்தி, நூற்றுக்கும் மேல் நாவல்கள் எழுதியவர். அவருடைய ‘அனாதைப் பெண்’ 1938-லேயே படமானது. ‘தயாநிதி’ என்ற நாவல் ‘சித்தி’யாக வந்தபோது அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அம்மா கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். “அதான பாத்தேன். ஆம்பளைக்கு இது எப்படித் தெரியும்னு” என்றார்.

பத்திரிகைகளில் நான் படித்த எந்த விமர்சனமும் ‘சித்தி’யை இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. அந்த விமர்சனம் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு வீட்டுத் திண்ணையில் எழுதப்படாமல் இருந்தது. யார் தரையில் உட்கார்ந்தார்கள், யார் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், கூலி வாங்கிய நாளில் போனார்களா, வீட்டில் கேட்டுக்கொண்டு போனார்களா, கேட்காமல் போய் அடி வாங்கினார்களா, இவையெல்லாம் சினிமா வரலாறுதான். ஒரு படத்தின் பாதி, திரையில் இருக்கிறது. மறுபாதி, பார்த்தவளிடம் இருக்கிறது. திரையில் இருந்த பாதியை வெள்ளிக்காக விற்றுவிட்டார்கள். பார்த்தவளிடம் இருப்பதை அவள் இருக்கும்போதே கேட்காவிட்டால் அதையும் இழப்போம்.

அதனால் என் குறிப்பேட்டில் படத்தின் பெயருக்குக் கீழே ஆண்டு, இயக்குநர், நடிகர் என்று போட்டுவிட்டு, அதற்கும் கீழே பார்த்தவர்களுக்கென்று பக்கம் விடுகிறேன். எந்த ஊர்க் கொட்டகை, யாரோடு போனார், எங்கே உட்கார்ந்தார், என்ன தின்றார், எங்கே அழுதார், எந்தப் பாட்டை வயலில் பாடினார், திரும்பி வந்ததும் வீட்டில் என்ன நடந்தது. சொல்லும் சொல்லை அப்படியே எழுதுகிறேன், திருத்துவதில்லை. பேர் வேண்டாம் என்றால் பேர் போடுவதில்லை. ஆசையாகவும் எழுதுகிறேன், கோபமாகவும் எழுதுகிறேன். அறைந்த நாயகனின் காலில் விழுந்த நாயகியைப் பற்றி எழுதும்போது அந்தப் பாட்டு எவ்வளவு இனிமை என்பதையும் மறைப்பதில்லை. இரண்டும் சேர்ந்துதான் நாங்கள் சினிமா பார்த்தோம்.

‘மிஸ் கமலா’வின் பக்கத்தில் நாவலின் பெயர், ஆண்டு, ராஜலட்சுமி செய்த வேலைகளின் பட்டியல் இருக்கின்றன. பார்த்தவர்களுக்கான இடத்தில் ஒருவரும் இல்லை. 1936-இல் பத்து வயதாக இருந்த பெண்ணுக்கு இன்று நூறு வயதாகும். அந்தப் பக்கத்தை நிரப்பக்கூடியவர்களிடம் உரிய காலத்தில் யாரும் நோட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. ‘சித்தி’யைப் பார்த்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது. அவர்கள் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். மத்தியானம் வேலை ஓய்ந்து கொஞ்சம் காலை நீட்டி உட்காரும் நேரமாகப் பார்த்து, ஒரு பேனாவோடு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் என்ன படம் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பிறகு, யாரிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள் என்று கேளுங்கள்.